கறளும் பளபளப்பும்

மாடு வாங்கச் செல்பவர் பல்லைப் பார்க்கிறார். நகை வாங்கச் செல்பவர் பொன்னை உரைத்துப் பார்க்கிறார். காணி வாங்கச் செல்பவர் உறுதியைப் புரட்டிப் பார்க்கிறார். பழைய மோட்டார்க் கார் வாங்கச் செல்லும் படித்தவரோ, அதன் நிறத்தைப் பார்க்கிறார்.

இதனை நாம் எவரையும் எள்ளி நகையாடுவதற்காகக் கூறவில்லை. நம்மிடம் பௌதிகவியல் பயின்று, நற்சித்தி பெற்று, இன்று இங்கிலாந்திலே பொறியியலாளராகக் கடமையாற்றும் மாணவர் ஒருவர், 2018ஆம் ஆண்டு இளவேனிற் காலத்தில் இவ்வண்ணமே ஒரு காரை வாங்கினார். அக்காரின் கதையை இப்பகுதியில் எழுதலாமா என்று அண்மையில் அவரிடம் கேட்டோம். “எழுதுங்கோ சேர், என்ரை பேரை மட்டும் போடாதேங்கோ” என்றார். ஆகவே பெயரை விடுத்துக் கதையைக் கூறுவோம்.

அவர் வாங்கியது 1966ஆம் ஆண்டிற் செய்யப்பெற்ற எம்.ஜி.பி. இருவர் மட்டும் அமரக்கூடியது. மேலே துணிக் கூரை. வேண்டும்போது கூரையை மடித்துப் பின்புறத்தே வைத்துவிட்டு, வானத்தைப் பார்த்தபடியே செல்லலாம். மழை நாடாகிய இங்கிலாந்தில் இப்படிப்பட்ட வாகனத்தை ஏன் செய்தார்கள் என்று நேயர்கள் வியக்கலாம். மழை மிகுந்த நாட்டிலேதான் வெயிலுக்கு மதிப்பு அதிகம் என்பதே அதற்குரிய விடை.

பெயரின் வரலாறு

எம்.ஜி. என்பன மொறிஸ் கராஜஸ் என்னும் பெயரின் முதலெழுத்துக்கள். துவிச்சக்கர வண்டி திருத்துபவராகத் தொழில் தொடங்கிய வில்லியம் மொறிஸ் என்பார், ஒக்ஸ்போட் நகரில் நடத்திய விற்பனை நிலையமே அது. அதன் முகாமையாளராக 1922இல் அமர்ந்த செசில் கிம்பர், சாதாரண மொறிஸ் கார்களின் அடிச்சட்டத்தை எடுத்து, அதன்மேல் இலகுவான அழகிய உடலைப் பொருத்தி விற்கலானார். கையிற் பணம் குறைந்த இளைஞர்களும் வேகத்தின் இன்பத்தை நுகர வேண்டும் என்பதே அவர் கருத்து. 1929இல் தொழிற்சாலை தேம்ஸ் நதிக்கரையிலுள்ள அபிங்டன் என்னும் சிற்றூருக்குப் பெயர்ந்தது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த 1945இல் வெளிவந்த ரி.சி. என்னும் சிறிய கார், கடல் கடந்து அமெரிக்கருடைய உள்ளத்தையும் கவர்ந்தது. 1955இல் எம்.ஜி.ஏ.யும், 1962இல் எம்.ஜி.பி.யும் வந்தன. 1980 ஒக்டோபரில் அபிங்டன் தொழிற்சாலை மூடப்பெறும் வரையில், கூரை மூடிய வகையும் சேர்த்து ஐந்து இலட்சத்துக்கும் அதிகமான எம்.ஜி.பி.கள் அங்கிருந்து வெளியேறின.

இத்தனை பெருந்தொகையாகச் செய்ய முடிந்தது எவ்வாறு? அக்காரின் உள்ளுறுப்புக்கள் பெரும்பாலும் குடும்பக் கார்களின் உறுப்புக்களே. அதன் 1798 கன சதமமீற்றர் எஞ்சின், ‘பி’ வரிசை என வழங்கப்படும் எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போட், இந்தியாவின் அம்பாசடர் ஆகியவற்றை இழுத்துச் சென்றதும் அதே குடும்பத்து எஞ்சின்தான். அண்ணன் சுமை இழுத்தான். தம்பி ஓட்டப் பந்தயத்தில் ஓடினான். அவ்வளவே வேறுபாடு.

இங்கேதான் நம் மாணவரின் கதை தொடங்குகிறது. அவருடைய தந்தையார் யாழ்ப்பாணத்தில் வாடகைக் கார் ஓட்டியவர். 1960களிற் செய்யப்பெற்ற ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் அது. 1990களில், பெற்றோல் கண்ணாற் காண்பதற்கும் அரிதாயிருந்த பொருளாதாரத் தடைக் காலத்திலே, காபரேற்றரிற் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினைக் கிளப்பி, அது சூடேறிய பின் மண்ணெண்ணெயில் ஓட்டிய சாரதிகளுள் அவரும் ஒருவர். கரும்புகை கக்கிக்கொண்டு, இருமி இருமி, அக்கார் பிரசவத்துக்குத் தாய்மாரை ஏற்றிச் சென்றது. பிணமும் ஏற்றிச் சென்றது. சிறுவனாயிருந்த நம் மாணவர் முன் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தந்தையார் சொல்லும் ஸ்பனரை எடுத்துக் கொடுப்பவராக வளர்ந்தவர்.

இங்கிலாந்தில் ஒரு வீட்டு முற்றத்தில், சிவப்பு நிறத்துப் பழைய எம்.ஜி.பி.யின் முன் மூடியை விற்பவர் தூக்கிக் காட்டியபோது, இவர் கண்டது ஓட்டக் காரின் எஞ்சினை அன்று. தம் தந்தையாரின் எஞ்சினை. கேம்பிரிட்ஜில் ஒரு காபரேற்றர், இதில் இரண்டு. மற்றப்படி அதே முகம். அதன் பின்னர் அவர் வேறொன்றையும் பார்க்கவில்லை. வீடு வாங்குவதற்கென்று கணவனும் மனைவியும் சேர்த்து வைத்திருந்த பணத்தில் ஒரு பகுதி, அன்று மாலையே கைமாறிற்று.

காந்தப் பொம்மை விழுந்தது

அவ்வாண்டு ஓகஸ்ற் விடுமுறையில், இலண்டனிலுள்ள நம் தமக்கையார் வீட்டுக்கு நாம் சென்றிருந்தோம். மாணவர் வந்து நம்மைத் தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்றார். மறுநாட் காலை, கூரையை மடித்துவிட்டு, நாட்டுப்புறப் பாதைகளிலே நம்மை ஏற்றிச் சென்றார். நிலத்துக்கு மிக அண்மையில் அமர்ந்து, வெட்டிய புல்லின் மணமும் காற்றும் முகத்தில் மோதச் செல்லும் அவ்வனுபவம் உண்மையிலேயே இனியது. நாற்பது மைல் வேகம் எண்பது மைல் வேகமாகத் தோன்றும். நாற்பதைக் கடந்த நமக்கும் சிறிது நேரம் வயது மறந்து போயிற்று.

வீடு திரும்பியதும், ஒரு சக்கரத்தில் ஏதோ ஒலி கேட்கிறது என்று, ஜக்கை வைத்துக் காரின் ஒரு பக்கத்தை உயர்த்தினார். உள்ளே விட்டுவந்த கண்ணாடியை எடுப்பதற்காக நாம் கதவைத் திறந்தோம். திறந்த கதவு பின்னர் மூடவில்லை. தள்ளிப் பார்த்தோம், அதன் விளிம்பு பின்தகட்டில் இடித்தது. காரைக் கீழே இறக்கினார்; கதவு மூடிற்று. மீண்டும் உயர்த்தினார், மூட மறுத்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே சென்று, குளிர்சாதனப் பெட்டியின் கதவிலே தம் மகள் ஒட்டிவைத்திருந்த காந்தப் பொம்மையை எடுத்து வந்தார். சிறிய யானைப் பொம்மை அது. கதவில் வைத்தார், பற்றிக்கொண்டது. கதவின் கீழேயுள்ள படியில் வைத்தார். யானை நிலத்தில் விழுந்தது. சிறிது தள்ளி வைத்தார், மீண்டும் விழுந்தது. பளபளத்த சிவப்புப் பூச்சின் கீழே இருந்தது இரும்பன்று. பிசினில் குழைத்த களி. இரும்பு எப்போதோ கறளாகி உதிர்ந்துவிட்டது.

மாணவ நேயர்களுக்காக இதனைச் சிறிது விளக்குவோம். பழங்காலக் கார்களில் பாரத்தைத் தாங்குவது தனியான அடிச்சட்டம். எம்.ஜி.பி.யில் அப்படி ஒன்று இல்லை. தகடுகளை உருக்கி ஒட்டிச் செய்த உடலே எலும்புமாகும். சாதாரண காரில் மேற்கூரையும் ஒரு பகுதிப் பாரத்தைத் தாங்கும். திறந்த காரிலோ கூரையில்லை. ஆகவே கதவின் கீழே ஓடும் இரு படிகளே முன்பாகத்தையும் பின்பாகத்தையும் இணைத்துப் பிடிக்கும் முதுகெலும்பு. உள்ளும் புறமும் நடுவுமாக மூன்று தகடுகளை அடுக்கிச் செய்தவை அவை. மாரியில் பனியை உருக்குவதற்காக வீதியிற் கொட்டும் உப்பு, சேற்றோடு கலந்து அப்படிக்குள் புகுகிறது. நீர் வடியும் துளைகள் அடைபட்டால், உப்புநீர் அங்கேயே தங்கி இரும்பைத் தின்கிறது. வெளியே தெரியாது. படி வலுவிழந்தால் கார் நடுவிலே தொய்கிறது. ஜக்கினால் உயர்த்தும்போது கதவின் இடைவெளி சுருங்குகிறது. மோதல் நேர்ந்தால் உள்ளே இருப்பவரைக் காப்பதற்கு ஒன்றுமில்லை.

அவ்வாண்டு மே மாதம் முதல், நாற்பது ஆண்டைக் கடந்த கார்களிற் பெரும்பாலானவற்றுக்கு அந்நாட்டு அரசாங்கம் ஆண்டுச் சோதனையிலிருந்து விலக்கு அளித்திருந்தது. ஆகவே சட்டம் அக்காரை எந்நாளும் தேடி வரப்போவதில்லை.

இரவுணவின்போது

அன்றிரவு உணவு இறங்கவில்லை. நண்பர் ஒருவர் தொலைபேசியிலே யோசனை கூறினார்: பூச்சு நன்றாகத்தானே இருக்கிறது, அப்படியே வைத்திருந்து, அடுத்த கோடையில், வெயிலடிக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்து விற்றுவிடுங்கள், வாங்கிய விலைக்கும் மேலாகவே கிடைக்கும். மாணவர் நம்மைப் பார்த்தார். “சேர், என்ன செய்யிறது?” என்றார்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறையில் நின்று நீதி பேசிய நாம், அக்கணத்தில் வாயடைத்துப் போனோம் என்பதை மறைக்காமற் கூறுகிறோம். அது நம் பணமன்று. அவர்களுடைய வீட்டுப் பணம். உண்மையைச் சொல்லி விற்றால் பாதியும் தேறாது. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு, நட்டத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று விருந்தினராக வந்தவர் சொல்வது எளிதா? “யோசித்துச் செய்யலாம்” என்று எதையோ முணுமுணுத்தோம்.

விடை சொன்னவர் அவருடைய மனைவியார். கார் வாங்கிய நாள்தொட்டுக் கணவரோடு முகங்கொடுத்துப் பேசாதிருந்தவர் அவர். சோற்றைப் பரிமாறிக்கொண்டே சொன்னார்: “எங்களுக்கு வித்தவருக்குத் தெரியும் சேர். இப்ப எங்களுக்கும் தெரியும். தெரிஞ்சு கொண்டு இன்னொருத்தற்றை தலையிலை கட்டுறதோ? அதுக்குள்ளை ஒரு பிள்ளை ஏறாதோ?” பின்னர் கணவரைப் பார்த்து, “வாங்கினனீங்கள் எல்லே, திருத்துங்கோ. திருத்துமட்டும் ஓட வேண்டாம்” என்றார். அதன் மேல் அவ்வீட்டில் அதுபற்றி வாதம் நிகழவில்லை.

மூன்று மாரிகள்

மாணவர் மாலை வகுப்பொன்றிற் சேர்ந்து, தகடுகளை உருக்கி ஒட்டும் வேலையைக் கற்றார். பழைய தகட்டை வெட்டுமுன், கதவு வாசலின் குறுக்கே இரும்புச் சட்டங்களைப் பொருத்தி உடலை நிலைப்படுத்த வேண்டும். இல்லையேல் படியை வெட்டியதும் உடல் வளைந்துவிடும், பின்னர் எக்கதவும் பொருந்தாது. இதனை அறியாது வெட்டிக் காரை இழந்தவர் பலர்.

உறுப்புக்களுக்கு அவர் அலைய வேண்டியிருக்கவில்லை. வேறு பல பழைய கார்களுக்கு இல்லாத நற்பேறு எம்.ஜி.பி.க்கு உண்டு. பழைய அச்சுக்களைத் தேடியெடுத்து, 1988 முதல் அதன் முழு உடலையே புதிதாகச் செய்து விற்கிறார்கள். படித் தகடு முதல் சிறு றப்பர் வளையம் வரையில் தபாலில் வருகிறது. கிடைக்காதவை இரண்டே: பொறுமை, நேரம்.

மூன்று மாரிகள் சென்றன. நோய்த்தொற்றினால் உலகம் வீட்டுக்குள் அடைபட்ட 2020ஆம் ஆண்டு அவருக்கு இவ்வகையில் உதவிற்று. செலவை அவருடைய மனைவியார் ஒரு கொப்பியில் எழுதி வந்தார். 2021இல் வேலை முடிந்தபோது கொப்பியைக் கூட்டிப் பார்த்தனர். காரின் சந்தை விலையைவிடச் செலவு அதிகம். பழைய கார் வாங்கினால் நாளுக்கு நாள் விலை ஏறும் என்று எண்ணும் நேயர்கள் இதனைக் கவனிப்பாராக. அது வைப்புக் கணக்கன்று, வளர்ப்புப் பிராணி.

வேலை முடிந்ததும், சட்டம் கேளாதிருந்தும், காரைத் தாமாகவே சோதனை நிலையத்துக்குக் கொண்டு சென்று சான்று பெற்றார். பின்னரே மகளை அதில் ஏற்றினார்.

பேணும் முறை

பேணுவதில் உள்ள பாடு என்ன என்று கேட்டு அறிந்தவற்றைச் சுருக்கமாகத் தருவோம். புதிய கார் உரிமையாளரிடம் ஒன்றும் கேட்பதில்லை, இது கேட்டுக்கொண்டேயிருக்கும். மூவாயிரம் மைலுக்கு ஒரு முறை முன்சக்கர மூட்டுக்களுக்குக் கிறீஸ் ஏற்ற வேண்டும். வால்வுகளின் இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பதினைந்து பங்கு; தகட்டுமானியால் அளந்து திருத்த வேண்டும். துணிக் கூரையை நனைந்தபடி மடித்தால் பூஞ்சணம் பிடிக்கும். கடுங்குளிரில் மடித்தால் வெடிக்கும்.

பற்றறியில் ஒரு விசித்திரம் உண்டு. 1967 வரையில் வந்த எம்.ஜி.பி.களில் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருக்கும்; இன்றைய கார்களிலோ எதிர்முனை. இதனை மறந்து புதிய வானொலியைப் பொருத்திய அன்றே, நம் மாணவர் அதனைப் புகைத்துவிட்டார். “பௌதிகவியலில் நாம் உமக்கு இட்ட புள்ளிகளைத் திருப்பித் தாரும்” என்று கடிதம் எழுதினோம்.

பெற்றோலும் மாறிவிட்டது. ஈயங் கலந்த பெற்றோல் 2000ஆம் ஆண்டுடன் அங்கே கடைகளிலிருந்து மறைந்தது. ஆகவே வால்வு அமரும் இடங்களுக்குக் கடின உலோக வளையங்களைப் பொருத்துகிறார்கள். 2021 செப்ரெம்பரில் நூற்றுக்குப் பத்து வரையில் மதுசாரங் கலந்த பெற்றோல் வந்தது. மதுசாரம் பழைய றப்பர்க் குழாய்களை உருக்குலைக்கும். குழாய்களை மாற்றாவிடின் தீ அபாயம் உண்டு.

அக்காரில் நமக்கு மிகவும் பிடித்த உறுப்பு அதன் காபரேற்றர். எஸ்.யு. என்பது அதன் பெயர். சப்பாத்து வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்கின்னர் சகோதரர் ஆக்கியது; தொடக்கத்தில் அதில் தோல் துருத்தி இருந்ததில் வியப்பில்லை. பின்னர் துருத்தி போய் முசலம் வந்தது. எஞ்சின் காற்றை இழுக்கும்போது, முசலத்தின் மேலே அமுக்கம் குறைந்து அது உயர்கிறது, காற்றுவழி விரிகிறது. முசலத்தின் அடியிலுள்ள கூம்பிய ஊசியும் உடன் உயர்ந்து, பெற்றோல் வரும் வாயை அதற்கேற்பத் திறக்கிறது. மூச்சு எவ்வளவோ உணவும் அவ்வளவு. வேண்டிய பராமரிப்பு, மேலேயுள்ள சிறு குழலில் சில துளி எண்ணெய். ஆனால் இரண்டு காபரேற்றர்களும் ஒரே அளவாக மூச்சுவிட வேண்டும். இதனைச் சமன்செய்வதுதான் கடினமான கலை.

தந்தையார் வந்தார்

2023ஆம் ஆண்டு ஓகஸ்ரில் நாம் மீண்டும் சென்றபோது, மாணவரின் தந்தையாரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தார். எழுபதைக் கடந்தவர், காது சிறிது மந்தம். மகன் பொறியியலாளர் அல்லவா, காபரேற்றர்களைச் சமன்செய்யக் கண்ணாடிக் குழாயும் அளவுகோலும் கொண்ட கருவி ஒன்றை வாங்கி வைத்து, அரை மணி நேரம் திருகாணிகளோடு போராடிக்கொண்டிருந்தார். எஞ்சின் விக்கிக்கொண்டேயிருந்தது.

முதியவர் எழுந்து சென்று, தோட்டத்தில் கிடந்த றப்பர்க் குழாயில் ஒரு முழம் வெட்டி எடுத்து வந்தார். ஒரு நுனியைக் காதில் வைத்தார். மறு நுனியை முதற் காபரேற்றரின் வாயருகே பிடித்தார். பின்னர் இரண்டாவதன் வாயருகே பிடித்தார். “தம்பி, இது மூச்சிழுக்குது, மற்றது நித்திரை கொள்ளுது. பின்னாலை இருக்கிறதைக் கொஞ்சம் திறவும்” என்றார். மகன் திருகாணியைச் சற்றே திருப்பினார். “இன்னும் கொஞ்சம்... காணும்.” விக்கல் நின்றது. காரின் மேல் வைத்திருந்த தேநீர்க் கோப்பையிலே தளும்பல் அடங்கிற்று.

“எந்தப் புத்தகத்திலை படிச்சனீங்கள் ஐயா?” என்று மகன் கேட்டார். “மண்ணெண்ணெயிலை ஓட்டேக்கை காதுதானே புத்தகம்” என்றார் தந்தையார்.

பின்னர் அவர் காரைச் சுற்றி வந்தார். நிறத்தைப் பார்க்கவில்லை. குனிந்து, கதவின் கீழே கையை விட்டு, படியின் அடிப்புறத்தை நுனி முதல் நுனி வரையில் தடவிப் பார்த்தார். ஒட்டிய தழும்புகள் கைக்குத் தட்டுப்பட்டிருக்கும். நிமிர்ந்து, “ஆர் ஒட்டினது?” என்றார். “நான்தான்” என்றார் மகன். முதியவர் மறுமொழி கூறவில்லை. கதவைத் திறந்து ஏறி அமர்ந்துகொண்டார்.

பளபளப்பைக் காசு கொடுத்து ஒரே நாளில் வாங்கலாம். படியின் அடியிலுள்ள தழும்பை அப்படி வாங்க முடியாது. அக்காரை விற்கும் எண்ணம் இப்போது அவர்களுக்கு இல்லை. என்றேனும் விற்க நேர்ந்தால், அம்மையாரின் செலவுக் கொப்பியும் காருடன் போகும் என்று முடிவு செய்திருக்கிறார்கள்; அதன் முதற் பக்கத்தில் எழுதியிருப்பது, யானைப் பொம்மை விழுந்த நாளின் திகதி.